அந்தச் சக்கரங்களோடு சனிக்கிழமை கிளம்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

மணி ஒன்றாகப் போகிறது. இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இரவு ஷிப்ட் முடித்து வெளியே வந்து போனை எடுக்கும்போது, அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக ஒன்று வந்து கிடந்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிவிடுவாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். உன் தங்கச்சி சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், ஒன்பது மணிக்குக்கூடப் பேசினாள். இனிமேலும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். சாயங்காலத்திலிருந்து ஆறு தடவை உன்னைக் கூப்பிட்டேன். ஆறரைக்கே நீ உள்ளே போயிருப்பாய், பிளாண்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரியும், தெரிந்தும் கூப்பிட்டேன். குரல் பதிவு போடலாம் என்றால், நான் பேசுவதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தங்கச்சி ஏற்கெனவே போட்டுக்கொடுத்துவிட்டாள். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி. படிக்கிற வரைக்கும் கார் சாவியைத் தொடாதே.

நேற்று நம் வீட்டு குரூப்பில் நீ ஒரு வீடியோ போட்டாய் அல்லவா, அதைப் பற்றித்தான். உன் ரூமுக்குக் கீழே பார்க்கிங்கில் கார் ஜாக்கியில் நிற்கிறது. நாலு நட்டுச் சக்கரம் போடுகிற வண்டிக்கு, சிநேகிதனிடம் வாங்கிய ஐந்து நட்டு அலாய் வீலை மாட்டுவதற்காக நடுவில் அடாப்டர் வைக்கிறாய். கனமான அலுமினிய வட்டு. முதலில் அதை அச்சு முனையில் இருக்கிற ஹப்பில் வைத்து நாலு நட்டு போட்டு இறுக்குகிறாய். பிறகு அதன் மேல் சக்கரத்தை வைத்து ஐந்து நட்டு. வெளியே இருக்கிற ஐந்தும் பளபளவென்று தெரிகிறது. உள்ளே இருக்கிற நாலும் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நீ எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்கிறாய். வீடியோ எடுக்கிற பையன், "மச்சி, இறுக்கத்தை அளக்க டார்க் ரெஞ்ச் வேணாமாடா?" என்று கேட்கிறான். "அதெல்லாம் கம்பெனியில. இங்க கால் போதும்" என்கிறாய். "கழண்டுக்கிட்டா?" என்று அவன் விடாமல் கேட்கிறான். நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய்: "எங்க ஊர்ல செல்வம்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் கட்டினாத்தான் கழலும். இது மெக்கானிக்கல் இன்ஜினியர் கட்டினது."

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு என் கை வந்திருக்கு" என்றார். நான் ஒன்பது தடவை பார்த்திருப்பேன். நீ குதிக்கிறதைவிட, நீ சொன்ன அந்தப் பெயர்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அந்தப் பெயரை உன் வாயில் வைத்தது நான்.

அந்த ஜீப் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது உனக்கு ஐந்து வயது. அப்பா பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதற்கு அகலமான டயர் போட்டார். பின்பக்கம் அந்த டயர் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசியது. அதனால் சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க ஸ்பேசர் போட வேண்டியதாயிற்று. உன் அடாப்டர் மாதிரியேதான், ஒரு வட்டு, அதற்கு உள் நட்டு, வெளி நட்டு. நம் தெரு முனையில் பட்டறை வைத்திருந்த செல்வம்தான் மாட்டினார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். அவர் மாட்டி முடித்த நாள், உன் தங்கச்சி வயிற்றில் ஏழு மாதம், எனக்கு வளைகாப்பு. சடங்கு முடிந்ததும் சீர்காழியில் என் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். யாரையும்விட அதிகமாகப் பறந்தது நான்தான்.

செல்வம் அப்போதுதான் சக்கரத்தைத் தரையில் இறக்கியிருந்தார். பத்து மணி ஆகிவிட்டது. "அக்கா, பத்து நிமிஷம் குடுங்க. இன்னொரு தடவை வீலைக் கழட்டி உள் நட்டைப் பாத்துடுறேன்" என்றார். "இப்ப போய்க் கழட்டினா எப்ப மாட்டுவீங்க? வேணாம், விடுங்க" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா அந்தப் பக்கம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். செல்வம் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சரிக்கா. அப்ப கும்பகோணத்துல கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்க. புதுசா போட்ட ஸ்பேசர், கொஞ்ச தூரம் ஓடினா நட்டு இளகும். பைபாஸ்ல எனக்குத் தெரிஞ்ச பட்டறை இருக்கு, நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். அண்ணன்கிட்ட மறக்காம சொல்லிடுங்க." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்ததனால் அல்ல. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் போகிறவள் வழியில் எங்கும் இறங்கக் கூடாது என்று என் மாமியார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பட்டறையில் ஜீப்பைத் தூக்க வேண்டுமென்றால் நான் இறங்கித்தான் ஆக வேண்டும். சொன்னால் அப்பா நிறுத்திவிடுவார். வண்டி விஷயத்தில் அவர் அப்படி.

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதியவள். முறுக்கு விசை என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிப்பு அன்றைக்கு எங்கே போனது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கும்பகோணம் வந்தது. பைபாஸில் ஒரு பட்டறை வாசலில் ஒருவர் கையைக் காட்டினார். செல்வம் சொன்ன ஆளாகத்தான் இருக்க வேண்டும். "யாரு அது, நம்மளையா கூப்புடுறாரு?" என்று அப்பா கேட்டார். "வேற யாரையோ" என்றேன்.

மயிலாடுதுறை தாண்டியதும் என் வளையல் ஆட ஆரம்பித்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கையை மடியில் சும்மா வைத்திருக்கிறேன், அது தானாகக் கிணுகிணு என்கிறது. ரோட்டில் பள்ளம் இல்லை. முதலில் மெல்லிசாக, பிறகு விட்டு விட்டு, பிறகு விடாமல். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஆட்டாதம்மா" என்றாய். நான் ஆட்டவில்லை. அது ஜீப்பின் நடுக்கம் என்று எனக்குத் தெரிந்தது, தம்பி. பின்னாலிருந்து வருகிறது என்பதும் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி, வளையல் சத்தம் கேட்காதபடி வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். இன்னும் அரை மணி நேரம், அம்மா வீடு வந்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் ஏதோ பட்டிருக்கிறது. "டயர்ல கல்லு ஏதும் மாட்டிருக்கா?" என்றார். "நீங்க பாட்டுக்குப் போங்க, ஊர் கிட்ட வந்துட்டோம்" என்றேன்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்கு முன்னால் ஒரு வளைவு. ஜீப் சட்டென்று இடது பக்கம் குத்த வைத்த மாதிரி உட்கார்ந்தது. தார் ரோட்டில் இரும்பு உரசுகிற சத்தம். நீ ஜன்னலைக் காட்டிக் கைதட்டினாய்: "அப்பா, நம்ம டயர் நமக்கு முன்னாடி போகுது!" உண்மையிலேயே போனது. ஸ்பேசரும் சக்கரமும் சேர்ந்தே கழன்று, எங்களைத் தாண்டி ஓடி, ரோட்டிலிருந்து இறங்கி வயலுக்குள் போயிற்று. ஐப்பசி மாதம், நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். சக்கரம் சத்தமே இல்லாமல் அவர்களைப் பார்த்துப் போகிறது. அப்பா கத்துகிறார். சேறு பிடித்து இழுத்து, கடைசிப் பெண்ணுக்கு ஒரு முழம் பின்னால் அது சாய்ந்து விழுந்தது. சேறு தெறித்து முதுகில் பட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏய்யா, நட வந்தவளை நசுக்கவா வந்தே? வண்டிய முழுசா ஓட்டத் தெரியாதா, பாதி பாதியாத்தான் ஓட்டுவியா?" என்று கத்தினார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்து என்னை இறக்கி, வரப்பில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பெண்தான் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "புள்ள அசையுது, பயப்படாதே" என்றார்.

இரண்டு நாள் கழித்து அப்பா செல்வம் பட்டறைக்குப் போனார். நான் சீர்காழியிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். "நட்டை முறுக்கினியாடா நீ? என் பொண்டாட்டி புள்ளையைக் கொல்லப் பாத்தியே" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறார். செல்வம், "முறுக்கினேண்ணே... அக்காகிட்ட கேளுங்கண்ணே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா போனில் என்னிடம் கேட்டார், "என்னமோ உன்கிட்ட கேக்கச் சொல்றான், என்ன?" என்று. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்குள் அந்தப் பட்டறைக்கு வண்டி வருவது நின்றுவிட்டது. அவர் ஒரத்தநாட்டுக்குப் போய்விட்டார். நம் வீட்டில் அது ஒரு கதை ஆயிற்று. யார் எதைச் சரியாகச் செய்யாவிட்டாலும் "செல்வம் கட்டின நட்டு" என்று சொல்லிச் சிரிப்போம். நீ அதைக் கேட்டு வளர்ந்தாய். அடாப்டர் போட்ட சக்கரம் கழன்றால் அது வேலை தெரியாதவன் கட்டியதால்தான் என்று உனக்குப் பதிந்துவிட்டது. அதனால்தான் உனக்குப் பயமே இல்லை. வேலை தெரிந்தவர் கட்டியதுதான் அன்றைக்குக் கழன்றது, தம்பி. திரும்ப ஒரு தடவை பார்க்க விடாததால் கழன்றது. இதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. விடிந்ததும் சொல்லப் போகிறேன்.

இன்றைக்கு மத்தியானம் செல்வத்துக்குப் போன் செய்தேன். நான் வேலை பார்க்கிற டிராக்டர் பார்ட்ஸ் கடைக்கு அவர் பட்டறையிலிருந்து அழைப்பு வரும். இத்தனை வருஷமாக அது வந்தால் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். இன்றைக்கு நானே கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். பிறகு, "சொல்லுங்கக்கா" என்றார். உன் வீடியோவை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"தம்பி வண்டி இப்ப எங்க நிக்குது?"

"ஓசூர்ல, ரூம் வாசல்ல."

"நிக்கட்டும். நிக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல. ஓட்ட வேணாம்னு சொல்லுங்க."

அவர் சொன்ன முதல் விஷயம், வீடியோவில் சக்கரத்தை வைப்பதற்கு முன்னால் நீ அடாப்டரைக் கிட்டே காட்டுகிறாய் பார், அங்கே நிறுத்திப் பார். ஹப்பில் இருக்கிற பழைய போல்ட்டின் நுனி நாலும் அடாப்டரைத் தாண்டி வெளியே துளி நீட்டிக்கொண்டிருக்கிறது. உன் அலாய் வீலின் பின்பக்கத்தில் அந்த நுனி போய் உட்கார வேண்டிய குழி அந்த இடத்தில் இல்லை. "வீல் அடாப்டர் மேல உக்காரலக்கா. நாலு ஆணி மேல தட்டை வச்ச மாதிரி உக்காந்திருக்கு. வெளிய எவ்வளவு இறுக்கினாலும் அது இறுக்கம் இல்ல" என்றார். நான் வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். நடு ஓட்டையையும் அவர் சொன்னார். ஹப்பின் நடுவில் இருக்கிற வட்டம் அடாப்டரின் ஓட்டைக்குள் ஆட்டமில்லாமல் கச்சிதமாகப் போய் உட்கார வேண்டும். நீ வைத்தது சுற்றிலும் இடைவெளி விட்டு லொடலொட என்கிறது. அப்படி இருந்தால் வண்டியின் பாரமெல்லாம் போல்ட் மேல்தான் விழும். ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு அப்படியே இருக்கிறது, நீ கம்பி பிரஷ்ஷால் ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. அந்தப் பொருக்கு ஓட ஓட உதிரும். உதிர்ந்த அளவுக்கு நட்டு இளகும்.

அப்புறம் வீடியோவில் உன் காலடியில் தெரிகிற அந்த கிரீஸ் டப்பா. அதைப் பார்த்ததும் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வேறு யார் வீட்டுப் பிள்ளையும் அதைச் செய்திருக்காது. நம் டிராக்டருக்குச் சேற்றுழவு சமயத்தில் இரும்புக் கூண்டு மாதிரி இருக்கிற கேஜ் வீல் மாட்டும்போது, போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் தடவுகிற வேலையை அப்பா உன்னிடம்தான் கொடுப்பார். அது சேற்றில் நாளெல்லாம் கிடக்கிற இரும்பு, துருப்பிடித்தால் கழட்ட வராது, வேகமும் கிடையாது. அதே கையோடு கார் போல்ட்டுக்கும் தடவியிருக்கிறாய். வீல் நட்டுக்குச் சொல்லியிருக்கிற அளவு காய்ந்த திருகு மரைக்கு. கிரீஸ் இருந்தால் நட்டு வழுக்கிக்கொண்டு அளவைத் தாண்டிப் போய், போல்ட் இழுபட்டு நீண்டுபோகும். அதன் மேல் நீ ஏறிக் குதித்தும் இருக்கிறாய். உங்கள் லைனில் ஒரு நட்டுக்கு டார்க் அளவு தப்பினால் மொத்த வேலையும் நின்றுவிடும் என்று தீபாவளிக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னவன் நீதானே? யாருக்கோ விற்கப் போகிற வண்டிக்கு அந்த அக்கறை, உன் தங்கச்சி உட்காரப் போகிற வண்டிக்குக் காலா?

பேசி முடிக்கும்போது செல்வத்திடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல, செல்வம்" என்றேன். "தெரியும்க்கா. சொல்லியிருந்தா அண்ணன் நிறுத்தியிருப்பாரு" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான். "தம்பிகிட்ட போல்ட்டை மாத்தச் சொல்லுங்க, இழுத்த போல்ட்டு ஆகாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதனால் கேட்கிறேன். அடாப்டரே போடாதே என்று நான் சொல்லவில்லை. உனக்கு இருபத்து மூன்று வயது, உன் சம்பளத்தில் வாங்கிய வண்டி. ஆனால் இப்போது மாட்டியிருப்பதை நாலு பக்கமும் கழட்டிவிடு. தெரிந்த பட்டறையில் போல்ட்டைக் காட்டி, இழுபட்டதை மாற்றி, கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வண்டியோடு வந்த பழைய சக்கரத்தை அதற்குரிய பழைய நட்டோடு மாட்டச் சொல். எதிரெதிர் நட்டாக இறுக்கி, தரையில் இறக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்கட்டும். அதற்கு சனிக்கிழமைக்குள் நேரம் இல்லையென்றால் மூன்று பேரும் பஸ்ஸில் வாருங்கள். அலாய் வீல் ஆசை இருந்தால் பிறகு நிதானமாகச் செய்து கொள். உன் ஹப்புக்கும் அந்த வீலுக்கும் அளந்து செய்த அடாப்டர், போல்ட் நுனி வெளியே நீட்டாத கனம், நட்டு பிடிக்கப் போதுமான மரை, இதெல்லாம் சரியாக இருந்தால் மாட்டு. கனம் எட்டவில்லை என்று ஒரு அடாப்டர் மேல் இன்னொன்றை அடுக்கிவிடாதே. மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டரில் சக்கரத்தைக் கழட்டி, உள் நட்டையும் பார்த்துத் திரும்ப இறுக்கு. வெளி நட்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனால் நீ ஒன்றையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நீ போட்டிருக்கிற திட்டம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை விடியற்காலையில் சிநேகிதனோடு கிளம்பி, தொப்பூர் இறக்கம் இறங்கி, சேலத்தில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு வருவது. அவள் பஸ் டிக்கெட்டைக்கூட கேன்சல் செய்துவிட்டாள், "அண்ணன் கார்லதாம்மா வருவேன்" என்கிறாள். அந்த இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு நீ வருவது என் கண்முன்னாலேயே நிற்கிறது. அங்கே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தச் சேறு கிடையாது. ஸ்டியரிங்கில் கொஞ்சம் நடுக்கம் வந்தால் நீயும் கல் என்று நினைப்பாய், ஊர் கிட்ட வந்துவிட்டோம் என்று நினைப்பாய். நான் நினைத்தேன். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் வருவதை ரத்து செய்ய எனக்கு ஒரு போன் போதும். ஆனால் உனக்குத் தெரியாமல் அதைச் செய்தால் நான் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்கிறேன். நீயே சொல்லிவிடு.

ஆறரை மணிக்கு நீ வெளியே வருவாய். இதைப் படித்துவிட்டு என் மேல் கோபம் வரும். இத்தனை வருஷம் ஒரு மனுஷன் பேரைக் கெடுத்துவிட்டு இப்போது வந்து புத்தி சொல்கிறாளே என்று தோன்றும். தோன்றட்டும், அதை நேரில் வந்து கேள், பதில் சொல்கிறேன். கோபமாக இருந்தால் கோபமாகவே பதில் போடு. வண்டியை எடுக்கவில்லை என்பது மட்டும் அதில் இருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் போடு, தம்பி.

அம்மா